உங்களுக்காகப் போடும் கணக்கு



எங்களுக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எந்தத் தொழிலில் போட்டால் நன்றாக வரும்?" வளைகுடாவில் பல வருடம் உழைத்துத் திரும்பியவர் கேட்கிறார். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்தவர் கேட்கிறார். அப்பா நடத்திய பட்டறையை எடுத்து விரிவாக்க நினைக்கும் மகள் கேட்கிறார். மகளிர் குழுவில் சேர்ந்து கடன் வாங்கி, அடுத்த படிக்குப் போகத் துடிக்கும் சகோதரிகள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு தொழிலின் பெயரைப் பதிலாகச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. ஒரே தெருவில், ஒரே தொழிலில் ஒருவர் மாடி எடுத்துக் கட்டுகிறார், இன்னொருவர் ஷட்டரை இறக்குகிறார். தொழிலின் பெயர் அந்த வித்தியாசத்தைச் செய்யவில்லை. யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை நாள் கடனில் விற்றார்கள், எவ்வளவு பணத்தை எப்போது முடக்கினார்கள் என்பதுதான் செய்தது. ஆகவே பதிலுக்குப் பதிலாக ஒரு வழிமுறையைத் தரலாம் என்று முடிவு செய்தோம். ஒரு தொழில் திட்டத்தை எப்படி எடைபோடுவது, அதில் இருக்கும் ஆபத்தை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதைக் கற்றுத்தரும் தொடர் இந்த இதழில் ஆரம்பமாகிறது. அதற்கு முன்னுரையாக இந்தப் பக்கம்.

நம் ஊரில் ஒரு தொழில் திட்டம் பெரும்பாலும் எப்படிப் பிறக்கிறது? முதலில் மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்குகிறோம். அதை ஆடிட்டரிடமோ ஆலோசகரிடமோ கொடுக்கிறோம். சில நாளில் பைண்டிங் செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. முதல் ஆண்டு உற்பத்தித் திறனில் 60 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்த ஆண்டு 80 என்று விற்பனை படியேறுகிறது. வருமானம் கடன் தவணையைப் போல எத்தனை மடங்கு இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.சி.ஆர். விகிதம், வங்கி எதிர்பார்க்கும் ஒன்றரையைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. நீட்ஸ் திட்டமோ, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமோ, மானியத்துக்கான பக்கமும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறோம். அந்த ரிப்போர்ட்டை முழுதாகப் படித்த தொழில்முனைவோர் எத்தனை பேர்?

வங்கியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வங்கி தனக்கு வேண்டிய கேள்வியைச் சரியாகவே கேட்கிறது. தவணை வருமா, வராவிட்டால் ஈடு இருக்கிறதா என்பது அதன் கவலை. உங்கள் கேள்வி வேறு. தவணை போக, உங்கள் சொந்தப் பணத்துக்கும் ஐந்து வருட உழைப்புக்கும் என்ன மிஞ்சும்? எது நடந்தால் இது கவிழும்? கவிழ்ந்தால் குடும்பம் எழுந்து நிற்குமா? இந்தக் கேள்விகளுக்கு வங்கிக்காக எழுதிய ரிப்போர்ட்டில் பதில் இருக்காது. நீங்களே ஒரு நோட்டில், உங்கள் கையெழுத்தில், உங்களுக்காகவே ஒரு கணக்குப் போட வேண்டும்.

கற்பனையாக ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடும் சிறு தொழிற்கூடம். அரவை இயந்திரம், பேக்கிங் மெஷின், மின் இணைப்பு, கொட்டகை எல்லாம் சேர்த்து முதலீடு 20 லட்சம் ரூபாய். ஆண்டு விற்பனை 40 லட்சம். மிளகாய், மல்லி, பாக்கெட், மின்சாரம் என்று உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு 26 லட்சம். வாடகை, சம்பளம் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் நிற்கும் செலவு 8 லட்சம். மீதி 6 லட்சம் ஆண்டுதோறும் கையில் வரும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு இயந்திரத்துக்கு விலை ஏதும் இல்லை என்றும், எளிமைக்காக வரியை ஒதுக்கிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம்.

20 லட்சம் போட்டு, ஆண்டுக்கு 6 லட்சம் வீதம் 30 லட்சம் எடுக்கிறோம். போட்ட பணம் மூன்று வருடம் நான்கு மாதத்தில் திரும்பிவிடும். பத்து லட்சம் லாபம் என்று மனம் துள்ளும். ஆனால் ஐந்தாம் ஆண்டு வரப்போகும் 6 லட்சமும் இன்று கையில் இருக்கும் 6 லட்சமும் ஒன்றா?

ஏலச்சீட்டுப் போட்டவர்களுக்கு இதற்கு விடை தெரியும். ஐந்து லட்சம் ரூபாய் சீட்டை, இன்றே பணம் வேண்டும் என்பதற்காக ஒரு லட்சம் தள்ளி எடுக்கிறோம். பின்னால் வரும் முழுப் பணத்தைவிட இன்று வரும் குறைந்த பணம் மேல் என்று நாமே ஒரு விலை வைக்கிறோம். தொழில் திட்டத்தில் செய்ய வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு ஆண்டின் வரவையும் அதற்குரிய அளவு தள்ளி, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? வங்கிக் கடனுக்குக் கட்டும் வட்டியும், உங்கள் சொந்தப் பணத்தை வேறு இடத்தில் இதே அளவு துணிச்சலோடு போட்டால் கிடைக்கக்கூடிய வருமானமும் சேர்ந்து அந்த வீதத்தைத் தீர்மானிக்கின்றன. நம் திட்டத்துக்கு 12 சதவீதம் என்று வைப்போம். முதல் ஆண்டின் 6 லட்சம் இன்றைய மதிப்பில் 5.36 லட்சம் ஆகிறது. ஐந்தாம் ஆண்டின் 6 லட்சம் 3.40 லட்சமாகச் சுருங்குகிறது. ஐந்தையும் கூட்டினால் 21.63 லட்சம். போட்ட 20 லட்சத்தைக் கழித்தால் மீதி 1.63 லட்சம். இதைத்தான் நிகர இன்றைய மதிப்பு என்கிறார்கள். பத்து லட்சம் என்று துள்ளிய இடத்தில் உண்மையில் இருப்பது ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. அது பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறது என்பதால் திட்டம் தேறுகிறது. ஆனால் எவ்வளவு மெல்லிய நூலில் தேறுகிறது என்று பாருங்கள்.

இந்தக் கணக்கு புதிதல்ல. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வட்டி அட்டவணைகளை வணிகர்களும் வட்டிக்கடைக்காரர்களும் தங்களுக்குள் ரகசியமாக வைத்திருந்தார்கள். சைமன் ஸ்டீவின் என்ற கணித அறிஞர் 1582-இல் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார். இரண்டு கடன்களில் எது லாபம் என்று இன்றைய மதிப்பைக் கொண்டு ஒப்பிடும் முறையையும் அதில் விளக்கினார். பூட்டி வைத்திருந்த அறிவு கடைத்தெருவுக்கு வந்தது. இன்று அந்த அட்டவணை செல்போனில் இருக்கும் எக்செல்லில் ஒரே கட்டத்தில் அடங்கிவிட்டது. வசதி வந்துவிட்டது, பழக்கம்தான் வர வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதே இந்தத் தொடரின் நோக்கம்.

விடை வந்தவுடன் நோட்டை மூடிவிடாதீர்கள். எடைபோடும் வேலை இங்கேதான் ஆரம்பமாகிறது. கணக்கில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஓர் அனுமானம். அவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அசைத்து, மற்றவற்றை அப்படியே விட்டு, விடை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மெஷின் வருவதும் உரிமங்கள் கிடைப்பதும் தள்ளிப்போய் விற்பனை ஒரு வருடம் தாமதமாகிறது என்று வைப்போம். 1.63 லட்சம் லாபம் 69 ஆயிரம் நஷ்டமாகிறது. மிளகாய் விலை ஏறி, உற்பத்திச் செலவு 5 சதவீதம் கூடுகிறது என்றால் நஷ்டம் 3.06 லட்சம். விற்கும் அளவு 10 சதவீதம் குறைந்தால் நஷ்டம் 3.42 லட்சம். விற்கும் விலை வெறும் 5 சதவீதம் குறைந்தால்? நஷ்டம் 5.58 லட்சம்! விற்பனை அளவு குறைந்தால் மிளகாயும் பாக்கெட்டும் குறைவாக வாங்குவோம், செலவும் கூடவே குறையும். விலை குறைந்தால் எந்தச் செலவும் குறையாது, குறைந்த ஒவ்வொரு ரூபாயும் நேராக நம் பையிலிருந்து போகிறது. இந்தத் திட்டத்தில் விலை நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் சரிந்தாலே, அந்த 1.63 லட்சம் முழுவதும் காணாமல் போய்விடும்.

நஷ்டமில்லாப் புள்ளி என்று நாம் பழக்கத்தில் சொல்வதும் இங்கே ஏமாற்றும். ஆண்டுக்கு 22.86 லட்சம் விற்றால் நடைமுறைச் செலவு அடைந்துவிடும், கடை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் போட்ட முதலும் அதற்கான 12 சதவீதமும் திரும்பி வர 38.7 லட்சம் விற்க வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏராளமான தொழில்கள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தினமும் வியாபாரம் நடக்கிறது, கல்லாவில் பணம் புரள்கிறது, ஆனால் முதல் கரைகிறது. அதை நடத்துகிறவர் சோம்பேறியும் இல்லை, ஏமாளியும் இல்லை. தொடங்கும்போது யாரும் அவருக்கு இந்த இரண்டாவது எண்ணைக் காட்டவில்லை.

இன்னொரு எண்ணை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் மிகவும் லேசாகத் தாண்டிச் செல்கின்றன. அது பாக்கி. கடைக்காரர்கள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள் என்றால், ஆண்டுச் செலவான 34 லட்சத்தில் மூன்று மாதச் செலவு, அதாவது எட்டரை லட்சம், எப்போதும் வெளியிலேயே நிற்கும். ஐந்து வருடம் கழித்து ஒரு பைசா குறையாமல் அது திரும்பிவிட்டாலும், காத்திருந்த காலத்துக்கான விலை 3.68 லட்சம். நம் திட்டம் அந்த ஒன்றாலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் பள்ளத்தில் விழுகிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் நம் பக்கம் நிற்கிறது, சந்தோஷம். ஆனால் பெரிய கடையின் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாத ஆர்டருக்கு அங்கேயே போய் நிற்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? கணக்கில் சட்டம் சொல்லும் நாளைப் போடாதீர்கள். உங்கள் சந்தையில் உண்மையில் பணம் வரும் நாளைப் போடுங்கள்.

இப்படி ஒவ்வொரு எண்ணையும் அசைத்துப் பார்த்தால் கிடைப்பது பயம் அல்ல, ஒரு பட்டியல். இந்தத் திட்டம் விலையின் மேலும் பாக்கி நாளின் மேலும் நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. இயந்திரத்தின் விலையில் பத்தாயிரம் குறைக்க மூன்று முறை பேரம் பேசிய நாம், நம் பொடியை என்ன விலைக்கு வாங்குவார்கள், எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று எத்தனை கடைகளில் விசாரித்தோம்? 20 லட்சம் போடும் முன், ஏற்கெனவே இருக்கும் அரவை மில்லில் ஜாப் ஒர்க்காக அரைத்து, நம் பெயரில் பாக்கெட் போட்டு, ஆறு மாதம் விற்றுப் பார்க்கலாம். அதில் ஒரு லட்சம் ரூபாய் நஷ்டமே வந்தாலும், அது 20 லட்சத்தின் தலைவிதியைச் சொல்லும் ஒரு லட்சம். முழு முதலீட்டைத் தாங்கி நிற்கும் அனுமானம் எது என்று கண்டுபிடித்து, அதைக் குறைந்த செலவில் சோதித்துவிட்டுப் பிறகு பெரிய பணத்தைப் போடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்க வேண்டுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

எண்களுக்குள் அடங்காத ஆபத்துகளும் உண்டு. அவற்றுக்கு நம் மண்ணிலேயே பாடங்கள் இருக்கின்றன.

திருப்பூரின் சாயப்பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் விவசாயத்துக்கு உதவாமல் போனது. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும் என்று 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்ன தீர்ப்பு 2011 ஜனவரியில் வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்தத் தீர்ப்பை இடி விழுந்ததைப் போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது வருடக்கணக்கில் எழுத்திலேயே முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்தது. சுத்திகரிப்புச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் காட்டிய லாபம், உண்மையில் ஆற்றிடமும் கீழே இருந்த உழவர்களிடமும் வாங்கிய கடன். கடன் என்றால் ஒரு நாள் கேட்பார்கள். இப்போது ஒரு திட்டத்தை எடைபோடும்போது, நம் கழிவு எங்கே போகிறது, அதற்கான செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறம் என்பதற்காகவும், போட்ட முதல் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவும்.

காகிதக் கோப்பைத் தொழில் இன்னொரு பாடம். சிறிய மெஷின், வீட்டோடு சேர்ந்த கொட்டகை, தேநீர்க் கடைகளே சந்தை என்று பலர் சுயதொழிலாக அதில் இறங்கினார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடையைத் தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 5-இல் அறிவித்தது, 2019 ஜனவரி 1-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஐந்து வருடத் தவணையில் வாங்கிய மெஷினுக்கு ஏழு மாத அவகாசம் கூட இல்லை. சூழலைக் காக்க வந்த தடை நியாயமானது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தச் சின்ன முதலாளிகளின் வலி நிஜம். ஒரே பொருளை மட்டும் செய்யும் மெஷினா, பொருளை மாற்றினால் வேறு எதற்காவது பயன்படுமா என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்டால், பின்னால் அது உயிர் காக்கும்.

ஈமுக் கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்துறைப் பக்கம் தொடங்கி மாநிலம் முழுக்க விளம்பரம் பரவியது. சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சுகளும் தீவனமும் தந்து, பராமரிப்புக்காக மாதம் 6,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். அதை மட்டும் பெருக்கினாலே ஆண்டுக்கு 72,000 ரூபாய், கட்டிய பணத்தில் 48 சதவீதம். இங்கே வட்டி அட்டவணை தேவையில்லை, ஒரு கேள்வி போதும்: இந்தக் கோழியைக் கடைசியில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? நம் ஊர்ச் சந்தையில் அப்படி ஒருவர் இல்லை. புதிதாகக் கட்டுகிறவரின் பணம்தான் பழையவருக்கு மாதப் பணமாகப் போனது. 2012-இல் எல்லாம் சரிந்தது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டிய விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். கடைசி வாடிக்கையாளரை நம்மால் காட்ட முடியாத திட்டம், எவ்வளவு பெரிய நட்சத்திரம் விளம்பரத்தில் வந்தாலும், எடைபோடத் தகுதியற்றது.

படிக்காதவர்கள்தான் இப்படித் தவறுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கும் ஐம்பது கிலோமீட்டர் சுரங்கப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணம் இல்லாமல், முழுக்கத் தனியார் முதலீட்டிலும் வங்கிக் கடனிலும் கட்டினார்கள். 1987-இல் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. உலகின் தேர்ந்த பொறியாளர்களும் வங்கியாளர்களும் கணக்குப் போட்டார்கள். 1994 மே மாதம் திறப்பு விழா நடந்தபோது, கட்டுமானச் செலவு மதிப்பிட்டதைவிட 80 சதவீதம் கூடியிருந்தது. முதல் ஆண்டில் அதன் வழியே ஓடும் யூரோஸ்டார் ரயிலில் 1 கோடியே 59 லட்சம் பேர் பயணிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 1995-இல் வந்தவர்கள் சுமார் 29 லட்சம் பேர். சுரங்கம் வந்தால் கப்பல் நிறுவனங்கள் ஒதுங்கிவிடும் என்ற எண்ணமும் பலிக்கவில்லை. அவை கட்டணத்தைக் குறைத்துப் போட்டிக்கு நின்றன. மலிவு விலை விமானங்களும் சேர்ந்துகொண்டன. கடன் சுமை தாங்காமல் 2006-இல் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் பாரிஸ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டது, அடுத்த ஆண்டு கடன்களைப் பெருமளவு குறைத்து மறுசீரமைப்புச் செய்தது. சுரங்கம் பொறியியல் அற்புதம், இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. ஆனால் முதலில் பணம் போட்ட சிறு முதலீட்டாளர்களுக்கு அந்த அற்புதத்தால் லாபம் கிடைக்கவில்லை. நல்ல திட்டமும் நல்ல முதலீடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அறிவாளிகளும் ஏன் இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்? உளவியல் அறிஞர் டேனியல் கானமன் தம் அனுபவத்திலிருந்து இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இஸ்ரேலில் பள்ளிகளுக்காக ஒரு பாடத்திட்டத்தையும் பாடநூலையும் உருவாக்கும் குழுவில் அவர் இருந்தார். வேலை எப்போது முடியும் என்று கேட்டபோது, எல்லோரும் இரண்டு வருடத்தை ஒட்டியே சொன்னார்கள். பிறகு குழுவிலிருந்த கல்வி நிபுணரிடம், இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு என்ன ஆனது என்று கேட்டார். சுமார் 40 சதவீதக் குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து வருடம் ஆனது என்று அவர் சொன்னார். அந்தத் தகவல் அவரிடமே இருந்தது, ஆனால் தம் குழுவைப் பற்றி மதிப்பிடும்போது அது அவருக்கு நினைவில் எழவில்லை. கடைசியில் அந்த வேலைக்கு எட்டு வருடம் பிடித்தது. நம் திட்டத்தை உள்ளேயிருந்து பார்க்கும்போது நம் திறமையும் ஆர்வமும்தான் கண்ணில் படுகின்றன. அதே வழியில் போன மற்றவர்களைப் பார்க்கும்போதுதான் வழியில் இருக்கும் பள்ளம் தெரிகிறது.

ஆகவே தொடங்கும் முன், அதே தொழிலில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். வெற்றி பெற்றவர்களைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள், மூடியவர்களையும் தேடிப் போங்கள். பக்கத்து மாவட்டத்துக்காரராக இருந்தால் போட்டி என்ற தயக்கமின்றி மனம் விட்டுப் பேசுவார். முதல் ஆர்டருக்கு எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், மின் இணைப்பு எப்போது வந்தது, பாக்கி எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை உங்கள் நோட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வெகுவாக மாறுபட்டால், உங்கள் எண்தான் சரி என்று நம்புவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன ஒரு பயிற்சியும் உண்டு, வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். இரண்டு வருடம் கழித்து இந்தத் தொழில் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் படுத்தது என்று குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதட்டும். மனைவி, கணவர், மகன், மருமகள், கூட்டாளி, யாராக இருந்தாலும். தோற்றுவிடுமோ என்று கேட்டால் அபசகுனமாகப் பேசாதே என்று வாயை அடைத்துவிடுவோம். தோற்றுவிட்டது, காரணம் சொல் என்று கேட்கும்போது மனதில் இருந்ததை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பலர் வீட்டில் அந்த ஆபத்தை முதலில் பார்த்தவர் அம்மாவாகத்தான் இருப்பார், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகளை எழுதி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். முதல் வரி, எது அடமானத்துக்குப் போகக் கூடாது என்பது. குடியிருக்கும் வீடு, பிள்ளையின் படிப்புப் பணம், அம்மாவின் நகை, உங்களுக்கு எதுவோ அதை எழுதுங்கள். 1.63 லட்சம் நிகர மதிப்பு தரும் திட்டத்துக்காகக் குடியிருக்கும் வீட்டை ஈடு வைப்பது சரியா என்று அந்த வரி உங்களைக் கேட்கும். நூறு திட்டங்களில் பணம் போடும் பெரிய நிறுவனத்துக்குப் பத்து தோற்றாலும் தொண்ணூறு காப்பாற்றும். உங்களுக்கு இருப்பது ஒரே திட்டம். அதனால் சராசரியில் லாபம் வரும் என்ற ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது, மோசமான நிலையிலும் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதே உங்களுக்கான கணக்கு.

இரண்டாவது வரி, எந்த நிலை வந்தால் நிறுத்துவேன் என்பது. இத்தனை மாதத்தில் இந்த விற்பனை வராவிட்டால், பாக்கி இந்த அளவைத் தாண்டினால், மேற்கொண்டு பணம் போட மாட்டேன் என்று தலை தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள். சிக்கலில் மாட்டிய பிறகு, இவ்வளவு போட்டாகிவிட்டதே என்ற எண்ணம் இன்னும் போடச் சொல்லும். போட்ட பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பாது. இனி போடப்போகும் ரூபாய் இனிமேல் என்ன சம்பாதிக்கும் என்பது ஒன்றே அன்றைய கேள்வி.

இவ்வளவையும் படித்துவிட்டு, தொழிலே வேண்டாம் என்று யாரும் பின்வாங்கினால் அது எங்களுக்கு வருத்தம் தரும். பணத்தை எதிலும் போடாமல் வைத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, விலைவாசி அதைச் சத்தமில்லாமல் தின்னும். புதிய மெஷின் போடாத பட்டறை, போட்டவரிடம் ஆர்டரை இழக்கும். மூடச் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு திருப்பூர் படுத்துவிடவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களில் முதலீடு செய்து எழுந்தது, சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் இன்று அதையே தன் பலமாகச் சொல்கிறது. கணக்குப் போடுவது துணிச்சலுக்கு எதிரி அல்ல. எங்கே துணியலாம், எவ்வளவு துணியலாம் என்று காட்டி, துணிந்தவருக்கு இரவில் தூக்கம் தருவது அதுதான்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு தொழில் திட்டத்தை எடுத்து, எண்ணுக்கு எண் எடைபோட்டுப் பார்க்கப் போகிறோம். உங்கள் கையிலிருக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை இந்த வாரமே எடுத்து, அதில் எந்த ஓர் எண் மாறினால் எல்லாம் மாறும் என்று தேடிப் பாருங்கள். அந்த எண்ணைச் சோதிக்க நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளிவராமல், வரும் கடிதங்களை வைத்தே அடுத்த பாடங்களை அமைப்போம். சேமித்த பணத்தோடு தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் கணக்கோடும் வர வேண்டும், நம் ஊர்த் தொழில்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

அன்புடன்,
ஆசிரியர்